முறையிடும் உரிமைக்கு முன்பணமா?

நிதியாண்டின் முடிவு நெருங்கும்போது நாடெங்கும் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் சொத்து வரிக் கேட்பு அறிவிப்புகளை வீடு வீடாக அனுப்புகின்றன. ஆண்டுதோறும் நடக்கும் இந்நிகழ்வு அண்மைக் காலத்தில் புதிய தன்மையை அடைந்துள்ளது. மாநிலத்துக்கு மாநிலம் மதிப்பீட்டு முறைகள் மாற்றப்படுகின்றன. ட்ரோன்களும் செயற்கைக்கோள் வரைபடங்களும் கொண்டு தனியார் நிறுவனங்கள் வீடுகளை அளக்கின்றன. எவரும் வந்து பார்க்காத வீட்டுக்குக் கூடுதல் பரப்பும், குடியிருப்புக்கு வணிகப் பயன்பாடும், ஒதுக்குப்புறத் தெருவுக்கு உயர் மண்டலமும் பதிவாகிவிடுவது உண்டு. இவ்வாறு தவறு நேர்ந்தால் மேல்முறையீடு செய்து கொள்ளலாம் என்கிறது சட்டம். அந்த மேல்முறையீட்டின் கதவைத் திறக்க என்ன விலை கேட்கப்படுகிறது என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் பொருள்.

இது வீட்டு உரிமையாளர்களின் பிரச்சனை, உழைக்கும் வர்க்கத்தின் பிரச்சனை அன்று என்று தோழர்களில் சிலர் கருதக்கூடும். அக்கருத்து சரியானதன்று. நகர்ப்புறத் தொழிலாளி முப்பதாண்டு உழைப்பில் கட்டிய இரண்டு அறை வீடு, ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி தன் பணிக்கொடையில் வாங்கிய சிறு குடியிருப்பு, கைம்பெண் ஒருவர் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டுப் பிழைக்கும் ஓட்டு வீடு ஆகிய அனைத்தும் இந்த வரிப் பதிவேட்டில் இருக்கின்றன. வாடகைக்குக் குடியிருப்போரும் இதிலிருந்து தப்புவதில்லை. வரி உயர்ந்தால் அடுத்த மாதமே வாடகை உயர்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாததால் வாடகைதாரருக்கு ஆட்சேபணை எழுப்பவும் வழியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலங்கள், கட்டடங்கள் மீதான வரி அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 49ஆம் இனமாக உள்ளது. மாநிலச் சட்டமன்றங்கள் அந்த அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழங்குகின்றன. எனவே மேல்முறையீட்டு விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. ஆயினும் அடிப்படைச் சட்டகம் ஒன்றே. மதிப்பீட்டு அலுவலர் ஒரு மதிப்பை முன்மொழிவார். குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அதனை விசாரிப்பவர் அதே மாநகராட்சியின் மற்றொரு அலுவலர். அவருடைய ஆணையும் ஏற்கத் தக்கதாக இல்லையெனில் நீதிமன்றத்துக்கோ தீர்ப்பாயத்துக்கோ செல்லலாம். மும்பையில் அது சிறு வழக்கு நீதிமன்றம், கொல்கத்தாவில் நகராட்சி மதிப்பீட்டுத் தீர்ப்பாயம், தில்லியில் நகராட்சி வரித் தீர்ப்பாயம். இதற்கான கால வரம்பு சில சட்டங்களில் 15 நாள், சிலவற்றில் 30 நாள்.

இதுவரை குறை சொல்ல அதிகமில்லை. இதன் பிறகே பூட்டு வருகிறது. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, தகராறில் உள்ள தொகையைச் செலுத்தினாலன்றி மேல்முறையீட்டை விசாரிக்கவோ தீர்மானிக்கவோ கூடாது என்கிறது. 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்திலும் இத்தகைய நிபந்தனை உண்டு. குஜராத்தில் நடைமுறையில் உள்ள சட்டத்திலும் இதுவே நிலை. மேல்முறையீட்டாளர் கடும் இன்னலுக்கு ஆளாவார் என்று நீதிபதி கருதினால் விலக்கு அளிக்கலாம் என அங்கு ஒரு சலுகை உள்ளது. அச்சலுகையின் உச்ச அளவு 25 சதவீதம்தான். எவ்வளவு ஏழையானாலும் எஞ்சிய 75 சதவீதத்தைக் கட்டியே தீர வேண்டும்.

இந்நிபந்தனையின் பொருளை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். ஆண்டுக்கு 3,000 ரூபாய் வரி கட்டி வந்த ஒரு குடும்பத்துக்கு, மறுமதிப்பீட்டில் 9,000 ரூபாய் என்றும், அது மூன்றாண்டுகளுக்கு முன்தேதியிட்டுப் பொருந்தும் என்றும் ஆணை வருவதாகக் கொள்வோம். தகராறில் உள்ள தொகை 18,000 ரூபாய். வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒருவருக்கு அது இரண்டு மாத வருமானமாக இருக்கலாம். அளவு தவறு, என் வீட்டை வந்து பாருங்கள் என்று சொல்வதற்கு முன்பே அவர் அத்தொகையைக் கட்ட வேண்டும். கட்ட இயலாதவரின் வாய் அடைக்கப்படுகிறது. கால வரம்பு கடந்தபின் தவறான மதிப்பீடே இறுதியான மதிப்பீடாகிவிடுகிறது. அதன்மேல் வட்டியும் தண்டமும் ஏறுகின்றன, ஜப்தி அறிவிப்பு வருகிறது.

நிறுவனங்களுக்கு ஒரு நீதி

வரித் தகராறு என்றாலே முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டுவதுதான் இந்நாட்டின் நியதியா? இல்லை. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொண்ட வரி போக, தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டினால் முதல் மேல்முறையீடு செய்யலாம். எஞ்சிய தொகையின் வசூல் தானாகவே நின்றுவிடும். அந்த 10 சதவீதத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, 2024இல் அவ்வரம்பும் குறைக்கப்பட்டது. வருமான வரியில், பொதுவாக 20 சதவீதம் கட்டினால் முதல் மேல்முறையீடு முடியும் வரை மீதித் தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. கோடிக்கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனம் பத்தில் ஒரு பங்கோடு நீதி கேட்கலாம், நாம் மேலே கண்ட குடும்பமோ 18,000 ரூபாயையும் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். நிறுவனத்துக்கான அளவுகோல் அக்குடும்பத்துக்கும் பொருந்துமானால் அது கட்ட வேண்டியது 1,800 ரூபாய் மட்டுமே.

நீதிமன்றங்கள் இவ்விரு அளவுகோல்களையும் எவ்வாறு கண்டன என்பதும் கவனத்துக்குரியது. 1975இல் அனந்த் மில்ஸ் வழக்கில், மேல்முறையீட்டு உரிமை சட்டத்தால் படைக்கப்படுவது, அதைப் படைக்கும் சட்டமே அதற்கு நிபந்தனையும் விதிக்கலாம் என்று கூறி உச்ச நீதிமன்றம் இத்தகைய முன்வைப்புத் தொகை விதியை ஏற்றது. பின்னர் 1990களின் தொடக்கத்தில் தில்லிச் சட்டத்தையும் உறுதிசெய்தது. மேல்முறையீட்டைத் தாக்கல் செய்யலாம், பணம் கட்ட அவகாசம் தந்து விசாரணையைத் தள்ளிவைக்கலாம், ஆனால் பணம் கட்டப்படும் வரை தீர்ப்பளிக்க இயலாது என்ற அளவுக்கு அப்பிரிவின் கடுமையைத் தளர்த்தியதோடு நின்றது.

2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் நிலை வேறாக இருந்தது. வங்கிக் கடனை வசூலிக்கும் சட்டத்தின்கீழ் சொத்து கைப்பற்றப்பட்ட கடனாளி, கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுக 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும் என்ற விதியை, நியாயமற்றது, தன்னிச்சையானது, சமத்துவத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அது சொன்ன காரணம் எளியது. பெயரளவில் மேல்முறையீடு எனப்பட்டாலும் உண்மையில் கடனாளியின் வாதம் முதன்முறையாகக் கேட்கப்படும் இடம் அதுதான். முதல் வாசலிலேயே இவ்வளவு பெரிய தொகையைக் கேட்பது அநீதி.

அந்தக் காரணம் சரியானது என்றே நாம் கருதுகிறோம். அதே காரணம் சொத்து வரிக்கும் பொருந்த வேண்டும் என்பதே நம் வாதம். மதிப்பிடுபவர் மாநகராட்சி ஊழியர், ஆட்சேபணையைக் கேட்பவரும் மாநகராட்சி அலுவலர், வரிப் பணம் சேர்வதும் மாநகராட்சிக்கே. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருத்தல் ஆகாது என்பது நீதியின் முதல் விதி. அவ்வாறிருக்க, மாநகராட்சியைச் சாராத ஒருவர் குடிமகனின் வாதத்தைக் கேட்கும் முதல் இடம் தீர்ப்பாயமே அல்லவா? அதை மேல்முறையீடு என்று பெயரிட்டு அழைப்பதால் மட்டும் முதல் வாசல் இரண்டாம் வாசல் ஆகிவிடாது.

மதிப்பு யாருடையது?

மதிப்பீட்டு முறையில் நிகழ்ந்துவரும் மாற்றம் இச்சிக்கலை மேலும் கூர்மையாக்கியுள்ளது. பழைய முறையில் ஒரு வீடு ஈட்டக்கூடிய ஆண்டு வாடகை மதிப்பே வரிக்கு அடிப்படை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிர்ணயிக்கும் நியாய வாடகையைத் தாண்டி அம்மதிப்பு செல்லலாகாது என்று 1979 டிசம்பரில் புதுதில்லி நகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் வாடகையிலிருந்து வரியைப் பிரித்தெடுக்கும் முயற்சிகள் வேகம் பெற்றன. பாட்னாவில் 1993 முதல் அலகுப் பரப்பு முறை வந்தது. தில்லி 2004இலும், பெங்களூரு 2008இலும், கொல்கத்தா 2017இலும் அதனைப் பின்பற்றின. மும்பை 2010 முதல் மூலதன மதிப்பு முறைக்குச் சென்றது. ஆந்திரத்தில் 2021இல் மூலதன மதிப்பு முறை புகுத்தப்பட்டபோது இடதுசாரிக் கட்சிகள் வீதியில் இறங்கிப் போராடின.

அலகுப் பரப்பு முறையில் ஒரு நன்மை உண்டு. பரப்பு, மண்டலம், கட்டட வகை, வயது, பயன்பாடு என்று கணக்கு வெளிப்படையாக இருப்பதால் அலுவலரின் தனிவிருப்பம் குறைகிறது. மூலதன மதிப்பு முறையோ வேறு வகையானது. அது நிலச் சந்தையின் விலையோடு வரியைக் கட்டிப்போடுகிறது. அருகில் மெட்ரோ ரயில் வருகிறது, நிலத் தரகர்கள் விலையை ஏற்றுகிறார்கள், அரசு வழிகாட்டி மதிப்பை உயர்த்துகிறது. ஐம்பதாண்டாக அங்கே குடியிருக்கும் தொழிலாளிக்கு இதனால் ஒரு காசும் வருவதில்லை. வீட்டை விற்றால்தான் அந்த மதிப்பு அவர் கைக்கு வரும். விற்றால் அவருக்கு வீடு இல்லை. கையில் வராத மதிப்புக்குக் கையிலிருந்து வரி கட்டச் சொல்வது, முடிவில் அவரை அந்நகரை விட்டு வெளியேற்றும் கருவியாகிவிடுகிறது.

மும்பையில் ஒருபடி மேலே சென்று, நிலத்தில் எதிர்காலத்தில் எழுப்பக்கூடிய கட்டடத்தின் மதிப்பையும் கணக்கில் சேர்த்தார்கள். இன்று இல்லாத கட்டடத்துக்கு இன்றே வரி விதிக்க இயலாது என்று கூறி, அதற்கு வழிசெய்த விதிகள் செல்லாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2010இல் எழுதப்பட்ட விதி வீழ்வதற்கு 12 ஆண்டுகள் ஆயின. சங்கமும் வழக்கறிஞர்களும் வசதியும் உடையோர் நடத்திய வழக்கு அது. கைபேசிக் கோபுரங்களுக்குச் சொத்து வரி உண்டா என்பதை 2016 வரை உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய நிறுவனங்களுக்கும் அத்தகைய வசதி இருந்தது. கோபுரமும் கட்டடமே என்று நீதிமன்றம் சரியாகத் தீர்ப்பளித்தது. ஆக, மேல்முறையீடு என்னும் ஏணியில் இறுதிப் படி வரை ஏற வல்லவர்கள் இருக்கிறார்கள். முதல் படியில் கால்வைக்க இயலாதவர்களைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

நெருக்கடியின் வேர்

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது நுழைவு வரி, உள்ளாட்சி வரி போன்ற வருவாய்கள் பறிபோயின. 2020 மே மாதம் பெருந்தொற்றுக் காலத்தில், மாநிலங்கள் கூடுதல் கடன் பெறுவதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக, வழிகாட்டி மதிப்போடு இசைந்த குறைந்தபட்சச் சொத்து வரி விகிதத்தை அறிவிக்க வேண்டும் என்பதை ஒன்றிய அரசு சேர்த்தது. 15ஆவது நிதிக்குழு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தையே அத்தகைய விகிதத்தோடும், மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ற வசூல் உயர்வோடும் பிணைத்தது. அரசமைப்பின்படி மாநிலத்துக்கு உரிய ஒரு வரியின் விகிதம், கடன், மானியம் என்னும் கயிறுகளால் தில்லியிலிருந்து இழுக்கப்படுகிறது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட பெரும் வரி உயர்வுக்கும் இந்நிபந்தனைகளே காரணமாகக் காட்டப்பட்டன.

2019 ஜூலையில் நிதிநிலை அறிக்கையை முன்வைத்த ஒன்றிய நிதியமைச்சர், பிசிராந்தையார் அறிவுடைநம்பிக்குச் சொன்ன புறநானூற்றுப் பாடலை நாடாளுமன்றத்தில் எடுத்துக்காட்டினார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு வயலும் யானைக்குப் பல நாள் உணவாகும், யானையே வயலில் புகுந்தால் அது உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்பது அப்புலவரின் அறிவுரை. அவ்வுரைக்கு இரண்டு மாதம் கழித்து நிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதனால் அரசு கைவிடும் வருவாய் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் என்று அரசே கணக்குச் சொன்னது. செல்வ வரி அதற்கு முன்பே, 2015இல், ஒழிக்கப்பட்டிருந்தது. பெருவயல்களுக்கு வேலி போட்டுவிட்டு, சிறுவயல்களுக்குள் யானையை அனுப்பும் அரசுக்குப் புறநானூறு எதற்கு?

மக்களாட்சியின் வழியாக இதனைத் தட்டிக்கேட்கும் வாயிலும் குறுகிவருகிறது. பெங்களூருவில் 2020 செப்டம்பருக்குப் பிறகும், மும்பையில் 2022 மார்ச்சுக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் மாநகராட்சி நடத்தப்பட்டது. ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றமே இல்லாத காலத்தில், 2023 பிப்ரவரியில் நிர்வாக ஆணை மூலம் சொத்து வரி அறிவிக்கப்பட்டது. கவுன்சிலரிடம் முறையிடவும் வழியின்றி, தீர்ப்பாயத்துக்குச் செல்லவும் பணமின்றி நிற்கும் குடிமகன் எங்கே செல்வது?

நம் நிலைப்பாடு

ஒரு தெளிவு இங்கே மிகவும் தேவை. நாம் சொத்து வரிக்கு எதிரானவர்கள் அல்லர். சொத்தின் மீதான நேரடி வரி, அரிசியின் மீதும் சோப்பின் மீதும் விதிக்கப்படும் மறைமுக வரியைவிட நியாயமானது. நகரைப் பெருக்கும் தூய்மைப் பணியாளரின் ஊதியமும், தெருவிளக்கும், மாநகராட்சிப் பள்ளியின் ஆசிரியரும் இவ்வரியில்தான் இருக்கிறார்கள். ‘வரியே கட்டாதே’ என்னும் முழக்கம் முதலில் அத்தூய்மைப் பணியாளரையே பட்டினி போடும். வரிச் சுமையை எதிர்க்கும் இயக்கத்தில் வணிக வளாக உரிமையாளர்கள் முன்வரிசையில் வந்து நின்றுகொள்வதும், சிறு வீட்டுக்காரரைக் கேடயமாகப் பிடிப்பதும் நாம் பலமுறை கண்ட காட்சி. அந்த வரிசையில் நாம் சேர்ந்துவிடலாகாது.

எனவே நம் கோரிக்கைகள் வரையறுத்தவையாக இருக்க வேண்டும். முதலாவதாக, சொந்தக் குடியிருப்பாக உள்ள சிறு வீடுகளுக்கு வரி விலக்கு வேண்டும். கேரளத்தில் 60 சதுர மீட்டர் வரையிலும், மும்பையில் 500 சதுர அடி வரையிலும் விலக்கு இருப்பது, இது இயலாத காரியமன்று என்பதற்குச் சான்று. இரண்டாவதாக, குடியிருப்பு வீடுகளின் மேல்முறையீட்டுக்கு முன்வைப்புத் தொகை கூடாது. ஒப்புக்கொண்ட பழைய வரியைக் கட்டியிருந்தால் போதும். பெரிய வணிகச் சொத்துகளுக்கு நியாயமான பங்கை விதிக்கலாம். மூன்றாவதாக, ஆட்சேபணையின் மீது காரணங்கள் கூறும் எழுத்துபூர்வ ஆணை, நேரடி அளவீட்டுக்குப் பின், மக்களின் மொழியில் வழங்கப்பட வேண்டும். நான்காவதாக, தீர்ப்பாயங்கள் மாநகராட்சிக் கட்டுப்பாட்டில் இல்லாதவையாக, மண்டலந்தோறும், காலியிடமின்றி இயங்க வேண்டும். ஐந்தாவதாக, வாடகைதாரருக்கும் ஆட்சேபணை உரிமை வேண்டும். ஆறாவதாக, ஒன்றிய அரசின் சொத்துகள் 285ஆம் பிரிவின்படி வரிவிலக்குப் பெற்றவையெனினும், அவற்றுக்கான சேவைக் கட்டணத்தைச் செலுத்தும் ஏற்பாடு 2009இல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன்னிலையிலேயே வகுக்கப்பட்டது. அந்நிலுவையை வசூலித்த பிறகே எளியவரின் வாசலுக்கு ஜப்தி அறிவிப்பு செல்ல வேண்டும்.

கிளைகளின் பணி

கோரிக்கைகளை எழுதுவதோடு நம் கடமை முடிவதில்லை. சட்டம் மாறும் வரை காத்திராமல், இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்துவதே உடனடிப் பணி. தவறான மதிப்பீடுகளில் பலவற்றை முதற்கட்ட ஆட்சேபணையிலேயே திருத்திவிடலாம். அக்கட்டத்தில் முன்பணம் ஏதுமில்லை. அங்கே தோற்பவர்களில் பலர் வாதத்தில் தோற்பதில்லை, தேதியில் தோற்கிறார்கள். அறிவிப்பு வந்த நாளைக் குறித்துவைக்காமை, வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருதல், மனுவுக்கு ஒப்புகை பெறாமை ஆகியவையே அவர்களைத் தோற்கடிப்பவை.

ஆகவே ஒவ்வொரு நகர்ப்புறக் கிளையும் தன் பகுதியில் இரண்டு தோழர்களை இப்பணிக்குப் பயிற்றுவிக்க வேண்டும். அறிவிப்பில் உள்ள பரப்பை நாடாவால் அளந்து சரிபார்த்தல், மண்டலம், கட்டட வகை, வயது, பயன்பாடு ஆகிய நான்கையும் ஒப்பிடுதல், பழைய ரசீதுகளையும் மின்கட்டண அட்டையையும் இணைத்துக் காலக்கெடுவுக்குள் மனு எழுதி ஒப்புகை பெறுதல் ஆகியவற்றுக்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. ஒரே தெருவில் ஒரே வகைத் தவறு நிகழ்ந்திருந்தால் மனுக்களைத் திரட்டிக் கூட்டாக அளிக்க வேண்டும். தனி மனுவைப் புறந்தள்ளும் அலுவலர் இருநூறு மனுக்களின் முன் அளவீட்டுக்கு வருவார். அதே தெருமுனையில் உள்ள வணிக வளாகத்தின் மதிப்பீடு எவ்வளவு என்பதையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற வேண்டும். சிறு வீட்டின் பிழையும் பெருங்கட்டடத்தின் சலுகையும் ஒரே தாளில் அருகருகே எழுதப்படும்போது எந்தச் சொற்பொழிவாலும் விளக்க முடியாத வர்க்க உண்மை மக்களுக்கு விளங்கும்.

குடிசைப் பகுதிகளில் கூடுதல் கவனம் தேவை. வரி ரசீது உரிமைப் பட்டா ஆகாது. எனினும் அங்கே நெடுநாள் குடியிருப்பதற்கு அதுவும் ஒரு சான்று. தாராவி போன்ற பகுதிகளில் மறுகட்டமைப்பின் பெயரால் தகுதிப் பட்டியல் தயாரிக்கப்படும் காலத்தில், பதிவேட்டில் பெயரும் பரப்பும் பயன்பாடும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பது வரித்தொகையைவிட முக்கியமானது. வரி அதிகம் என்று சினந்து ரசீதைக் கிழித்தெறிபவர் தம் கையிலிருக்கும் ஆவணத்தையே கிழிக்கிறார் என்பதைத் தோழர்கள் பொறுமையுடன் எடுத்துரைக்க வேண்டும்.

மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் சங்கத்தையும் இப்பணியில் இணைத்துக்கொள்வது அவசியம். வரி கேட்கும் நகராட்சியும் வரி கட்டும் குடிமகனும் எதிரெதிர் அணிகள் என்ற தோற்றத்தை உடைக்க அதுவே சிறந்த வழி. சரியான வரியைச் சரியானவரிடமிருந்து வசூலித்தால் ஊதியமும் கிடைக்கும், ஏழையின் வீடும் பிழைக்கும் என்பதை அவ்விருவரும் ஒரே மேடையில் சொல்லட்டும்.

முறையிடும் உரிமை, கட்டணம் செலுத்தி வாங்கும் சரக்கன்று. அதிகாரம் தவறு செய்யக்கூடும் என்பதை அதிகாரமே ஒப்புக்கொள்வதன் அடையாளம் அது. அடுத்த உள்ளாட்சி மன்றக் கூட்டத்திலும், அடுத்த சட்டமன்றத் தொடரிலும் நம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி, எளியவரின் அந்த உரிமைக்கு விதித்த முன்பணத்தை எப்போது நீக்கப் போகிறீர்கள் என்பதாக இருக்கட்டும்.